புளி போட்டுத் தேய்த்த தகடு

இமானுவேலைத் திருடன் என்று சொன்ன அன்றைக்கு நான் ஊரில் இல்லை. சிங்கம்புணரியில் ஒரு அரிசி ஆலைக்குக் கூரை போடப் போயிருந்தேன். இருந்திருந்தால் பழி சொன்ன அந்த மெய்யநாதன் சட்டையைப் பிடித்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிடித்திருக்க மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், என் பெண்டாட்டிக்கும் தெரியும்.

என் பெயர் செம்மலை. காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையின் பின்சுவரும் இமானுவேல் வீட்டுப் பக்கச்சுவரும் ஒரே சுவர். அவர்கள் கருவாடு வறுத்தால் என் இரும்பெல்லாம் மணக்கும். நான் இரும்பு அறுத்தால் அவர்கள் வீட்டு மாதா படம் ஆடும். பதினாறு வருடமாக இப்படித்தான், ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

இமானுவேல் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். நெருப்பென்றால் வாய் சுடுமோ என்று பயப்படுகிற ஆள். அவன் பெண்டாட்டி ஆரோக்கிய ஷீலா அதற்கு நேர்மாறு. ஒக்கூர்ப் பக்கத்துப் பெண். மறக்கவும் மாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள். 'எங்கள் பிதாவே' செபம் சொல்லும்போது மன்னிப்பு வரும் அந்த ஒரு வரியை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தொண்ணூற்றைந்தில் ஷீலாவின் வெள்ளாடு ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பந்து. ஜவுளிக்கடைப் பை, பலசரக்குக்கடைப் பை, பால் கவர் எல்லாம் சேர்ந்து இறுகி இரண்டு கிலோ தேறும். கேரி பேக் பெருகிவிட்ட காலம் அது. ஊருணியில் தண்ணீர் இறங்கினால் கரை பூராவும் பையாகத்தான் கிடக்கும். ஷீலா ஆட்டுக்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை. இமானுவேல் அந்தப் பந்தைக் கழுவிச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். "இத ஏதாச்சும் செய்ய முடியுமா சார்" என்று அவனுடைய துறைத்தலைவர் டாக்டர் மெய்யநாதனிடம் கேட்டிருக்கிறான். கேட்டது இவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்துதான் அந்த ஆராய்ச்சி பிறந்தது. எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். பையைத் துணுக்குத் துணுக்காக வெட்டி ஒரு தட்டில் வைக்க வேண்டும். மெய்யநாதன் பதினோரு வருடம் பாடுபட்டுச் செய்த மஞ்சள் பொடி ஒன்று உண்டு. அதை மேலே தூவி, சூடு தாங்கும் கண்ணாடிக் குழாய்க்குள் தட்டைத் தள்ளி, காற்று புகாமல் நைட்ரஜன் விட்டு, எண்ணூறு டிகிரியில் வேகவைக்க வேண்டும். ஆறினால் தட்டில் கரி இருக்கும். அந்தக் கரியைச் சென்னையில் பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் குழல் குழலாகத் தெரிய வேண்டும். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் வரும் பருமன். அதற்கு நானோ குழல் என்று பெயர். எஃகை விட உறுதியாம், பேட்டரிக்கு ஆகுமாம், விலை தங்கத்தைத் தாண்டுமாம்.

எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. தார்தான் ஒழுகியது. ஒருநாள் பீங்கான் தட்டு கைதவறி உடைந்துவிட்டது. திட்டு விழுமே என்று பயந்து இமானுவேல் என்னிடம் ஓடிவந்தான். நெற்குப்பையில் இடித்த பங்களா ஒன்றின் தண்ணீர்த் தொட்டித் தகடு என்னிடம் கிடந்தது. அதில் சாண் நீளம் வெட்டி, ஓரம் மடித்து, தட்டு செய்து கொடுத்தேன். துரு உதிர்ந்துகொண்டிருந்த தகடு அது. அந்த வாரமே கரி வந்தது. சென்னையிலிருந்து படமும் வந்தது. குழல் குழலாக.

மெய்யநாதனும் அதே வாரம் பொடியின் பக்குவத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தார். பொடிதான் பலித்தது என்று குதித்தார். இமானுவேல் அப்படி நினைக்கவில்லை. ஒரு தடவை தட்டை நன்றாகத் தேய்த்து வைத்தான், கரி வரவில்லை. உப்புத் தண்ணீர் தெளித்து நாலு நாள் வெயிலில் போட்டுத் துருவை ஏற்றினான், வந்தது. பொடியே போடாமல் இரண்டு தடவை வைத்தான், அப்போதும் வந்தது.

"அப்ப அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானடா" என்றேன்.

"எப்படிண்ணே சொல்றது. பதினோரு வருசம் அந்தப் பொடியக் கட்டிக்கிட்டு அழுதிருக்காரு. மனசு நொந்துருவாரு."

இப்படி ஒரு ஆள். ஆயுத பூசை வந்தால் கல்லூரி லேப்பில் எல்லாச் சாமானையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். நம் ஊர் வழக்கம் அது, கத்தரிக்கோல் முதல் கம்ப்யூட்டர் வரை பொட்டு இல்லாமல் விடமாட்டோம். இமானுவேல் இரண்டு வருடமும் அந்தத் தட்டை மட்டும் சோற்றுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பூசை முடிந்த பிறகு திரும்ப வைத்தான்.

தொண்ணூற்றெட்டில் மெய்யநாதனின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வரப்போவதாகச் சேதி வந்தது. இமானுவேல் பல நாள் யோசித்து, துணிந்து, ஒன்று கேட்டான். கட்டுரைக் கடைசியில் நன்றி என்று சின்ன எழுத்தில் போடுவார்களே, அதில் தன் பெயரையும் ஒரு ஓரத்தில் போட முடியுமா என்று.

"சட்டி கழுவுறவன் பேரப் போட்டா என் பேரு என்னத்துக்கு ஆகும்" என்று மெய்யநாதன் சிரித்திருக்கிறார். பத்தாவது நாள் லேப்பில் பிளாட்டினம் கிண்ணத்தைக் காணோம் என்றார். சாவி இமானுவேலிடம்தான் இருந்தது. போலீசுக்குப் போகவில்லை, பெருந்தன்மையாம். வேலையை விட்டு மட்டும் நிறுத்தினார்.

வேலை போனதைக்கூட ஷீலா தாங்கிக்கொண்டாள். இமானுவேல் மாதா கோயிலில் ஒன்பது வருடமாகக் காணிக்கைப் பை பிடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, நீளக் கம்பில் கட்டிய சிவப்புப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போவான். அது ஒன்றுதான் அவனுக்கு ஊரில் இருந்த கௌரவம். செய்தி பரவிய மறு ஞாயிறு பங்குச் சாமியார் அவன் தோளில் கைபோட்டு, "கொஞ்ச நாளைக்கு வேற ஆள் பிடிக்கட்டுமே" என்றார். சாமியார் நல்லவர், தன்மையாகத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஷீலா அடுப்புப் பற்றவைக்கவில்லை.

நாலு மாதம் ஓடியது. ஷீலா காலையும் மாலையும் இடியாப்பம் பிழிந்து விற்றாள். இமானுவேல் என் பட்டறையில் அரம் பிடித்தான். கண்ணாடிக் குழாய் தொட்ட கைக்கு இரும்பு படியவில்லை. சுத்தியல் எடுத்தால் பத்து அடிக்கு ஒரு அடி கையில் விழும். நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை, கல்லூரியிலிருந்து புது அட்டெண்டர் உலைக் கதவுக் கீலைப் பற்றவைக்க எடுத்துவந்தார். பெயர் மருதுபாண்டி. பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். சட்டை மடிப்பில் விரலை அறுத்துக்கொள்ளலாம். பின்னால் அரம் போட்டுக்கொண்டிருந்தவன் யார் என்று அவருக்குத் தெரியாது.

"லேப்புல ஒரே ரோதனையா இருக்குண்ணே" என்றார். "ஏழு தடவ வச்சுப் பாத்தாச்சு. கரி வரமாட்டேங்குது. மெழுகாட்டம் ஒட்டுது, தாரா ஒழுகுது. அடுத்த வாரம் தில்லியில இருந்து பாக்க வாறாக. அம்பது லட்சம் குடுக்கப் போறாகளாம். ஐயா எம்மேல எரிஞ்சு எரிஞ்சு விழுகுறாரு."

"நீரு என்ன செஞ்சீரு?"

"நான் என்னத்தச் செஞ்சேன். லேப்பு கெடந்த கெடப்ப நீங்க பாத்திருக்கணும். இரும்புத் தட்டு ஒண்ணு, தொட்டா கையெல்லாஞ் செவப்பு. ஆயுத பூசைக்கு மொத நா எல்லாத்தையும் கீழ எறக்குனேன். புளியும் செங்கப்பொடியும் போட்டு ஒரு நா பூராத் தேச்சேன். மொகம் பாக்கலாம்ணே. சந்தனம் குங்குமம் வச்சுப் பொரி படைச்சோம். இப்பவும் தெனம் தேங்காண்ண தொட்டுத் தொடச்சுத்தேன் வைக்கிறேன். துப்பாக்கி தொடச்ச கையில்ல."

பின்னால் அரச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். மருதுபாண்டி கீலை வாங்கிக்கொண்டு போனதும் இமானுவேல் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் ஷீலா சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. கேட்க நன்றாக இல்லை, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மொச்சை போட்டது.

"எப்படியும் இங்குட்டுத்தான் வருவாரு" என்றேன். "வந்தா, 'தட்டு அழுக்கா இருக்கும் சார், இன்னும் நல்லாப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க'ன்னு சொல்லிவிடு. தில்லிக்காரன் முன்னால தார் ஒழுகட்டும்."

"வேணாம்ணே" என்றான் இமானுவேல். "அம்பது லட்சம்கறாக. நாலு பிள்ளைகளுக்கு வேலை கெடைக்கும். ஊருணியில கெடக்குற பையெல்லாம் போகும். பாவம், அந்த மனுசனும்..."

"யாரு பாவம்?" ஷீலா அகப்பையைக் கீழே வைத்தாள். "நல்லாச் சொல்லுங்க, யாரு பாவம்? எம்பிள்ளை வின்சிகிட்டருந்து, பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்தவ 'எம்பேனாவப் பத்திரமாக் குடு'ன்னு வாங்கிப் பையில வச்சாளாமே, எம்பிள்ளை பாவமா, அவரு பாவமா? நெல்லுக்குப் பாயிறது புல்லுக்கும் பாயட்டும்னு நீங்க நினைக்கிறீக. இங்க புல்லே நெல்லத் தின்னுருச்சு."

இமானுவேல் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"அண்ணே, நீங்க சொல்றது சரிப்படாது" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "பொய் சொன்னா அவரு தப்பிச்சுக்கிருவாரு. திருட்டுப்பய போறப்ப கெடுத்துவச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டு மீசையத் துடைச்சுக்கிட்டுப் போவாரு. உண்மையத்தான் சொல்லணும். அதுலதான் அவருக்குத் தப்பிக்க வழியில்ல."

எனக்கு அப்போது விளங்கவில்லை. இரும்புக்காரன் புத்தி, அடித்தால்தான் வளையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அடைமழைக்குள் மெய்யநாதன் கார் வந்தது. குடை பிடித்து இறங்கினார். நான் சத்தம் இல்லாமல் போய் வாசற்படிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டேன். ஷீலா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார், இங்குட்டு உக்காருங்க" என்று இமானுவேல்தான் துண்டால் நாற்காலியைத் துடைத்தான். அதைப் பார்க்க எனக்கு எரிந்தது.

"எப்படிய்யா இருக்க இமானுவேலு" என்றார். "நடந்தது நடந்துபோச்சு. ஒன்ன மறுபடி வேலைக்கு எடுத்துக்கலாம்னு செயலாளர்ட்ட பேசிட்டேன். வந்துரு. திங்கக்கெழமையே வந்துரு."

இமானுவேலின் முகம் மலர்ந்துவிட்டது. நாய்க்கு ரொட்டி காட்டியது போல என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"கிண்ணம் கெடச்சிருச்சா சார்?" ஷீலா பிழிவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எந்த... ஆமாம்மா. கெடச்சிருச்சு. மதுரையில ஒரு சிநேகிதர் காலேஜுக்கு நானே குடுத்துவிட்டிருக்கேன். ஞாபகம் இல்லாமப் போச்சு."

"எப்பக் கெடச்சது?"

அவர் குடையை மடக்கினார், பிரித்தார். "ஆவணியில."

"இது ஐப்பசி" என்றாள்.

இடியாப்பத் தட்டை எடுத்து அடுப்பில் ஏற்றி, மூடியை வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"என்ன விசயமா வந்தீகன்னு தெரியும் சார். கரி வரல. என்ன செஞ்சா வரும்னு இவருக்குத் தெரியும். சொல்லுவாரு. ஒளிக்காமச் சொல்லுவாரு, நான் பொறுப்பு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சனம் வெளிய வரும்போது நீங்க கோயில் வாசல்ல நிக்கணும். 'இமானுவேலு திருடல, கிண்ணம் எங்கிட்டத்தான் இருந்துச்சு'ன்னு சொல்லணும். அந்த எடத்துலயே இவரும் சொல்லிருவாரு."

"கோயில்லயா? காலேஜுல வேணும்னா நான் ஒரு கடிதம்..."

"நீங்க சொன்னது காலேஜுல. வந்து விழுந்தது கோயில்ல."

"இமானுவேலு, நீ சொல்லுய்யா. நமக்குள்ள இதெல்லாம் என்ன."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவன் வாயைத் திறந்தால் போச்சு. இமானுவேல் அவரைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம சொல்றேன் சார்" என்றான். மெய்யநாதன் போகும்போது குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டே போனார். ஒரு மனிதன் நனைவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு போனேன். மாதா கோயிலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இதை விட முடியுமா. தூறிக்கொண்டிருந்தது. மெய்யநாதன் வேப்பமரத்தடியில் நின்றார். சனம் வெளியே வந்தது. அதே கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியாராக இருக்கும் உபகாரசாமி சார், சாமியார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும் அவரைப் பார்த்து நின்றார்கள்.

மெய்யநாதன் தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னார். "இமானுவேல் எதையும் எடுக்கல. கிண்ணம் எங்கிட்டத்தான் இருந்திருக்கு. நான் தவறாச் சொல்லிட்டேன்."

"சார், இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் ஷீலா, சர்வசாதாரணமாக. "பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னார். இப்போது சாலையில் போன தேங்காய் வண்டிக்காரனுக்கும் கேட்டிருக்கும். காது இரண்டும் சிவந்துவிட்டது அவருக்கு. அதோடு தீர்ந்தது என்று நினைத்து இமானுவேலைப் பார்த்தார். இமானுவேல் அவர் காதருகே போய்ச் சொல்லப்போனான்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "நாம என்ன திருட்டு வேலையா பாக்குறோம்."

"துரு சார்" என்றான் இமானுவேல்.

"என்னது?"

"தட்டுல இருந்த துரு. அதுதான் கரியக் குழலாக்குது. புதுசா வந்தவரு பூசைக்குத் தேச்சுட்டாரு. உப்புத்தண்ணி தெளிச்சு நாலு நா வெளிய போட்டீகன்னா பழையபடி வரும்."

மெய்யநாதன் சிரிக்கப் பார்த்தார். "அப்ப என் பொடி?"

"அது போடாட்டியும் வரும் சார். நான் ரெண்டு தடவ போடாம வச்சேன். நல்லாவே வந்துச்சு." அவன் குரலில் கொஞ்சங்கூடக் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். அதனால்தான் அது அப்படி இறங்கியது.

உபகாரசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்த வெளிநாட்டுப் பத்திரிகைல பொடியினாலதான்னு எழுதுனது?" என்றார். கல்லூரி வாத்தியார் கேட்கும் சந்தேகம் போலத்தான் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஷீலாவின் கணக்கு விளங்கியது. தில்லிக்காரர்கள் முன்னால் தட்டில் துருவை ஏற்றி வைத்தால் எழுதியது பொய் என்று ஆகும். பொடியை மட்டும் நம்பி வைத்தால் தார்தான் ஒழுகும். துருவைப் போட்டால் பொய்யன், போடாவிட்டால் முட்டாள். ரகசியமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் கோயில் வாசலில் இருநூறு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் அதே கல்லூரி. மெய்யநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் காருக்குப் போனார். ஓட்டத் தெரிந்தவர்தான், இரண்டு தடவை வண்டி அணைந்துபோனது.

வெள்ளிக்கிழமை தில்லிக்காரர்கள் வந்தார்கள். நடந்ததை உபகாரசாமி சார் சாயங்காலமே வந்து எங்களுக்குச் சொன்னார். மெய்யநாதன் பொடியைத்தான் போட்டார். பளபளவென்று தேய்த்த தட்டில், எப்போதும் போடுவதைப் போல மூன்று மடங்கு போட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் மெழுகும் தாரும். ரப்பர் எரிந்த நாற்றத்தில் தில்லிக்காரர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்களாம். சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை, வரவழைத்த நாட்டுக்கோழியை ஆபீஸ்காரர்கள் தின்றார்கள். பணம் போயிற்று. பத்திரிகைக்கும் யாரோ எழுதிப்போட்டுவிட்டார்கள். யார் என்று நான் உபகாரசாமி சாரைக் கேட்கவில்லை.

ஷீலா எல்லாவற்றையும் கேட்டாள். தார் எவ்வளவு ஒழுகியது, அவர் முகம் எப்படி இருந்தது, மேசையில் சாய்ந்து நின்றாரா நேராக நின்றாரா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். இமானுவேல் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். குழல் வராமல் போனதில் அவனுக்குத் துக்கம். யாருக்காகத் துக்கப்படுகிறோம் என்ற விவரம் இல்லாத ஆள்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை அவன் கைக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் மருதுபாண்டி வேலை உத்தரவைக் கொண்டுவந்தார். செயலாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். மருதுபாண்டிக்கு வேறு பிரிவில் இடம் கொடுத்துவிட்டார்கள். மெய்யநாதனுக்குத் துறைத்தலைமை போய்விட்டது, ஆனால் அதே லேப்பில்தான் இருப்பார். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துரவா" என்றான் இமானுவேல். "செம்மலையண்ணன் பட்டறையிலயே இருந்துக்கிறேன். அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது. அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

நானும் ஷீலாவைப் பார்த்தேன். அவள் சொன்னபடி சொல்ல வைத்தாயிற்று, பணம் போயிற்று, பதவி போயிற்று. போதும் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொடியில் கிடந்த அவன் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி, காலரைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டி போடத் துணி விரித்தாள்.

"நாளைக்கே போங்க" என்றாள். "அவருக்கு முந்திப் போயி லேப்பத் தெறந்து வச்சுட்டு நில்லுங்க. உள்ள வந்ததும் குட்மார்னிங் சார்னு சொல்லுங்க. நல்லாச் சிரிச்ச மொகமாச் சொல்லுங்க. ஆறு வருசம், ஒரு நா விடாமச் சொல்லுங்க. லீவு போடாதீக."